மலையா, சமவெளியா? இடம் மாறுமுன் எண்ண வேண்டியவை



சித்திரை பிறந்து கத்தரி வெயில் நெருங்கும்போதெல்லாம் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பல குரல்களில் எழுகிறது. “சார், இந்த வெயிலை அப்பா தாங்க மாட்டார். ஜவ்வாது மலைமேல் ஒரு வீடு பார்த்துக் குடிவைத்துவிடலாமா?” மார்கழி வந்ததும் அக்கேள்வி திசை மாறி நிற்கிறது. “அம்மாவுக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து திரும்ப இங்கேயே அழைத்து வந்துவிடலாமா?” வேலூரின் வெயிலுக்கும் ஜவ்வாது மலையின் குளிருக்கும் நடுவில் அமைந்தது கண்ணமங்கலம். காலையில் கதவைத் திறந்தால் மேற்கே மலை தெரிகிறது. நண்பகலில் தெருவில் கால் வைக்க முடிவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இக்கேள்வி எழுவது இயல்பே.

இதற்கு எங்கள் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெப்பமா, குளிரா என்பது இரண்டாவது கேள்வி. மருந்து, மருத்துவமனை, உடனிருப்பவர் ஆகிய மூன்றும் எந்த ஊரில் அருகில் இருக்கின்றன என்பதே முதல் கேள்வி. இதை நாங்கள் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. எங்கள் தவறு ஒன்றிலிருந்தும் கற்றோம்.

நாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெற்று வந்தார். எழுபதை நெருங்கிய வயது. பல்லாண்டு பீடிப் பழக்கத்தால் நுரையீரல் சுருங்கி, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலை. ஒரு மே மாதத்தில், அவர் மிகவும் வாடியிருந்ததைக் கண்டு, “கொஞ்சம் குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் உங்களுக்கு நல்லது” என்று போகிற போக்கில் சொன்னோம். எங்களுக்கு அது ஆறுதல் வார்த்தை. அவருடைய பிள்ளைகளுக்கோ அது மருந்துச் சீட்டு. தறியையும் வீட்டையும் விற்று, மலைமேல் சிறு வீடொன்று வாங்கி, பெற்றோரை அங்கே குடியமர்த்தினர். பிள்ளைகள் இருவரும் வேலைக்காகச் சென்னைக்குத் திரும்பினர்.

ஐப்பசி வரை நலமாகவே இருந்தார். மார்கழியில் நிலைமை மாறிற்று. இரவுக் குளிருக்குக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு, உள்ளேயே விறகு மூட்டிக் குளிர் காய்ந்தார்கள். புகை வெளியேற வழியில்லை. இன்ஹேலர் தீர்ந்து நான்கு நாளாயிற்று. வாங்கி வர ஆளில்லை. ஒருநாள் பின்னிரவில் மூச்சுத் திணறல் தொடங்கி, பொழுது விடிந்த பிறகே வண்டி கிடைத்து, வளைவு வளைவாக இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவர் உதடுகள் நீலமாகியிருந்தன. ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டார். அவர் பிழைத்தார், தறி திரும்பவில்லை. இன்று கண்ணமங்கலத்தில் வாடகை வீடொன்றில் இருக்கிறார். “மலை என்ன செய்யும் சார், நான்தான் மருந்தில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டேன்” என்கிறார். அவர் தம்மீது ஏற்றிக்கொள்ளும் அந்தப் பழியில் பெரும்பங்கு எங்களுடையது.

மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் அதே மார்கழியை அதே விறகுடன் கடந்து செல்கிறார்கள். ஆகவே மலையைக் குறை சொல்ல எங்களுக்கு எண்ணமில்லை. நோயுற்ற முதிய உடல், பழகாத ஊர், மருந்தின்மை, தனிமை ஆகிய நான்கும் ஒரே இரவில் கூடியதே அங்கு நேர்ந்த ஆபத்து.

இடமே மருந்தென்று நம்பிய காலம்

நோய்க்கு இடமாற்றமே மருந்து என்ற நம்பிக்கை பழையது. உதகமண்டலத்தில் 1820-களில் ஆங்கிலேயர் குடியேறியதற்கு, சமவெளியின் வெப்பத்தில் நலிந்த தம்மவர் அங்கே தேறுவர் என்ற எண்ணமும் ஒரு காரணம். காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த நாளில், தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சையாக இருந்தன. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் அவ்வாறு தோன்றியது. 1928-இல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். இன்றும் சென்னை மின்சார ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையப் பெயரைப் படிக்கிறோம். அது அந்த நம்பிக்கையின் நினைவுச் சின்னம்.

கணிதமேதை இராமானுஜனின் வரலாறு இதில் நமக்கு நெருக்கமானது. 1914-இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்ற அவர், குளிரில் எப்படி உறங்குவதென்றே அறியாதிருந்தார். படுக்கையில் விரித்து மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், அவற்றின்மேல் படுத்து நடுங்கியதைக் கண்டு, அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பின்னாளில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ். 1917-இல் இராமானுஜன் நோயுற்றார். காசநோய் என்று கருதி, இங்கிலாந்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சானடோரியங்களில் வைத்தனர்; அவற்றுள் ஒன்று அதே சவுரி முத்து நடத்தியது. 1919-இல் வெப்ப நாடான தாயகம் திரும்பினால் தேறுவார் என்று நம்பினர். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தனர். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சேத்துப்பட்டில் காலமானார். அவர் நோய்க்குறிகளை மறுபடி ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர், அது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994-இல் எழுதினார். இது முடிந்த முடிபன்று. ஆயினும் ஒன்று விளங்குகிறது: குளிர்நாடும் அவரைக் காக்கவில்லை, வெப்பநாடும் காக்கவில்லை. நோய் இன்னதென்று அறியாமல் ஊரை மாற்றுவதால் பயன் சிறிதே.

அந்த நம்பிக்கைக்கு விடை கூறியதும் நம் சென்னையே. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏறத்தாழ 200 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடும் சத்துணவோடும் மருந்து உட்கொண்டனர். மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு, அதே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது: இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. அவ்வாய்வு வெப்பத்தையும் குளிரையும் அளந்து பார்த்ததன்று. எனினும், தவறாமல் உட்கொண்ட மருந்துக்கு முன்னால் இடத்தின் சிறப்பு எவ்வளவு சிறியது என்பதை அது காட்டிற்று. சானடோரியங்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

குளிரும் வெயிலும் உடலுக்குச் செய்வன

இவ்வாறு சொல்வதால் தட்பவெப்பம் ஒரு பொருட்டே அன்று என்பது எங்கள் கருத்தன்று. உடல் இரண்டையும் உணர்கிறது. இரண்டும் ஊறு செய்ய வல்லன.

குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்மாதங்களில் மிகுவது பல நாடுகளில் கண்ட உண்மை. குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயை இறுக்குகிறது. அரிவாள் அணு இரத்தசோகை உள்ளவர்களுக்குக் குளிர் பட்டாலே கடும் வலி தொடங்கக்கூடும்.

வெயிலில் வியர்வை நீரையும் உப்பையும் கொண்டுபோகிறது. முதியவர்களுக்குத் தாக உணர்வு குறைவாதலால், உடல் வறண்டபோதும் தண்ணீர் கேட்பதில்லை. சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு, மயக்கம், கீழே விழுதல் ஆகியன பின்தொடர்கின்றன. நீர் பிரியும் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் உட்கொள்வோருக்கு, தை மாதத்தில் சரியாக இருந்த அளவு வைகாசியில் மிகையாகிவிடக்கூடும். மனநோய்க்கான சில மருந்துகள் வியர்ப்பதையே குறைக்கின்றன. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு; ஒரு நிமிடமும் தாமதியாமல் உடலை நனைத்து, விசிறி, 108-ஐ அழைக்க வேண்டிய நெருக்கடி.

இவ்விரண்டில் எது கொடிது? 2015-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பெரும் ஆய்வொன்று, 13 நாடுகளின் 384 இடங்களில் 7 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்களை ஆராய்ந்தது. அவற்றுள் நூற்றுக்கு 7.3 அளவு குளிரோடும், 0.4 அளவு வெப்பத்தோடும் தொடர்புடையன என்று கணக்கிட்டது. அக்குளிரும் பெரும்பாலும் உறைபனிக் குளிரன்று. நாம் பொருட்படுத்தாத மிதமான குளிர். இந்தியா அந்த 13 நாடுகளில் இல்லை; ஆகவே அவ்வெண்களை அப்படியே நமக்குப் பொருத்தலாகாது. ஆயினும் அதில் நமக்கொரு செய்தி உண்டு. மரணம் மிகக் குறைவாக நேரும் வெப்பநிலை எல்லா ஊருக்கும் ஒன்றாக இல்லை; வெப்ப ஊர்களில் அது உயர்ந்தும், குளிர்ந்த ஊர்களில் தாழ்ந்தும் இருக்கிறது. அதாவது, மனித உடல் தன் ஊருக்குப் பழகுகிறது. இளைஞர்க்கு வெயில் பழகச் சில நாள்கள் முதல் இரு வாரங்கள் வரை போதும். முதுமையிலும் நோயிலும் அந்தப் பழகும் திறன் குறைந்துவிடுகிறது. அறுபது எழுபது ஆண்டு ஓரிடத்தில் வாழ்ந்த உடலைப் பெயர்த்து நடுவதற்கு முன் இதை எண்ண வேண்டும்.

மூன்று டிகிரியின் விலை

மலையேறினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொதுவிதி. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்றே மேல். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வான்நோக்ககம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில். ஆக, ஏறத்தாழ 500 மீட்டர் ஏற்றத்துக்கு நமக்குக் கிடைப்பது 3 டிகிரி. மரநிழலால் இன்னும் சிறிது கூடும். தகரக் கூரைக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, உள்ளே தட்டி கட்டி, மேற்குச் சன்னலுக்குக் கீற்றுப் பந்தல் போட்டால், வீட்டுக்குள் இரண்டு மூன்று டிகிரியைச் சமவெளியிலேயே குறைக்கலாம். அதற்குத் தறியை விற்க வேண்டியதில்லை.

உதகையோ வேறு கணக்கு. ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு அளவு குறைவு. நலமுள்ளவர்க்கு அது தெரியாது. நுரையீரலோ இதயமோ முன்பே தளர்ந்தவர்க்கு அக்குறைவே சுமையாகும். ‘குளிர்ச்சியான மலைக்காற்று மூச்சுக்கு நல்லது’ என்ற பொதுச்சொல் இத்தகையோர்க்குப் பொருந்தாது.

கடல் கடந்து செல்வோரும் நம் குடும்பங்களில் பலர். டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மகனும் மகளும் பெற்றோரை அழைப்பது அன்பினால். ஆனால் தை மாதத்து உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியவர்க்கு உயிர்ப் போராட்டம். லண்டனின் குளிர்மாத வெயிலில் தோல் வைட்டமின் டி-யை உண்டாக்குவது மிக அரிது. கருநிறத் தோலுக்கு இன்னும் அரிது. அதனினும் பெரிய குறை, பேச்சுத்துணை இன்றி நான்கு சுவருக்குள் ஆறு மாதம் இருப்பது. அழைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதல்முறை கோடையில் அழையுங்கள், மருத்துவக் காப்பீடு இல்லாமல் அழைக்காதீர்கள் என்கிறோம்.

தனிமையே பெரும் பிணி

1995 சூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாள்கள் அடித்த வெப்ப அலையில் 700-க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2003-இல் ஐரோப்பாவில் அவ்வாறு இறந்தோர் 70,000-க்கும் மேல். பின்னர் ஆராய்ந்தபோது, மிகுதியாக மாண்டவர்கள் தனித்து வாழ்ந்த முதியோர் என்பது தெரிந்தது. கதவைத் தட்டி, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, முகத்தைப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பர். வெயில் கொன்றது என்று எழுதுகிறோம். தனிமையும் சேர்ந்தே கொன்றது.

தமிழ்நாட்டு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இனிவரும் கோடைகள் எளியவையாக இரா. ஆகவே சமவெளியில் இருப்போரும் ‘பழகிய ஊர்தானே’ என்று வாளாவிருக்கலாகாது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவெடுக்குமுன் ஐந்து கேள்விகள்

1. நோய் எது? வெயிலால் மிகுவதா, குளிரால் மிகுவதா? சிறுநீரகக் கல், நரம்புறைத் தேய்வு நோய் போன்றவற்றுக்கு வெப்பம் பகை. இதய வலி, ஆஸ்துமா, அரிவாள் அணு நோய், குளிரில் விரல் வெளுக்கும் நோய் ஆகியவற்றுக்குக் குளிர் பகை. இரண்டும் உள்ளவர்க்கு மருத்துவரே எடை போட வேண்டும்.

2. மருந்து எவ்வளவு தொலைவில்? பயன்பாட்டிலுள்ள இன்சுலின் குப்பி 30 டிகிரிக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாதிருக்கும், அதைத் தாண்டிய வெப்பத்தில் வீரியம் குறையும், உறைந்துபோனால் பயன்படாது. குளிர்பெட்டியும் மின்சாரமும் உண்டா? இன்ஹேலர் தீர்ந்தால் அதே நாளில் கிடைக்குமா? நள்ளிரவில் வண்டி வருமா?

3. உடன் இருப்பவர் யார்? ‘பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது விடையாகாது. பெயர் சொல்லி ஒருவரைக் குறிப்பிட முடிய வேண்டும்.

4. வீடு எத்தகையது? கூரை என்ன, அடுப்புப் புகை வெளியேறுமா, கழிப்பறை வீட்டுக்குள் உள்ளதா? குளிரிரவில் வெளியே நடந்து போகும் இருபது அடி, பல விழுகைகளுக்குக் காரணம்.

5. ஒத்திகை பார்த்தீர்களா? எதையும் விற்குமுன், அந்த ஊரின் மிகக் கடுமையான மாதத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். மலையை மே மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மார்கழியில் பாருங்கள். சமவெளியைத் தை மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வைகாசியில் பாருங்கள்.

ஐந்துக்கும் நல்ல விடை கிடைத்தால் மகிழ்ச்சியோடு செல்லுங்கள். இடமாற்றத்தால் உண்மையிலேயே நலம் பெற்றவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். செல்லுமுன் எங்களிடம் வந்து, இரண்டு மாதத்துக்கான மருந்தும், நோய்க்குறிப்பு எழுதிய தாளும், புதிய பருவத்துக்கேற்பத் திருத்திய மாத்திரை அளவும் பெற்றுச் செல்லுங்கள். ஐந்தில் இரண்டுக்கு விடை தெரியவில்லை என்றால், இருக்கும் வீட்டையே திருத்துவது நலம்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. காலத்தையும் எண்ணிச் செய்க என்று மருத்துவனுக்கு அறிவுறுத்தவும் அது தவறவில்லை. ஆனால் அந்நான்கு கூறுகளுள் ஊர் இல்லை, உதவுபவன் இருக்கிறான்.

ஆகவே, இனி எங்களிடம் “எந்த ஊர் நல்லது?” என்று கேட்கும்போது, “அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் வருந்தாதீர்கள். அந்த நெசவாளரிடம் அன்று கேட்காமல் விட்ட கேள்வி அது. இனி ஒருவரிடமும் கேட்காமல் விட மாட்டோம்.